பிப்ரவரியையும் பார்த்துவிட்டு வாருங்கள்

அன்புள்ள அக்கா,

நீங்கள் மலாவியில் தன்னார்வலராக இருந்தது பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்தேன். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, மூன்று வருடமாக ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆறு வாரம் லீவு கிடைக்கும். ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துக்குப் போய், போர்வெல் போடுகிற மாதிரி உருப்படியாக ஏதாவது செய்துவிட்டு வர ஆசை. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? ஆறு வாரம் போதுமா?

க., கோவை

அன்புள்ள க.,

ஆறு வாரம் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இருந்தது தெற்கு மலாவியில், சோம்பா மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிராமத்தில். 2014 செப்டம்பரில் போய் இரண்டு வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். கரண்ட் கிடையாது. செல்போன் சார்ஜ் போட, சந்தைக்கடைப் பக்கம் சோலார் பலகை வைத்திருக்கும் முடிதிருத்தும் கடைக்குப் போக வேண்டும். அங்கே இந்தியர்களை 'ம்வென்யே' என்பார்கள். நகரத்துக் கடைக்காரர்களைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால், முதல் மாதம் முழுக்க என்னிடம் "உங்கள் கடை எங்கே இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள்.

பொழுது அடிபம்பில்தான் விடியும். நாலரை மணிக்கே வாளிகள் வரிசையில் இருக்கும். போன புதிதில் என் வாளியை ஒரு மாணவி வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவாள். மூன்றாம் மாதம்தான் என்னைத் தூக்க விட்டார்கள். துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொடுத்தார்கள். வீடு வந்து சேரும்போது பாதித் தண்ணீர் என் முதுகில்தான் இருந்தது. வழியில் ஒவ்வொரு வீட்டு முன்பும் நிற்க வேண்டும். "ம்வாட்சுக்கா ப்வாஞ்சி?" என்பார்கள். எப்படி எழுந்தீர்கள் என்று அர்த்தம். நன்றாக எழுந்தேன், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் நகரலாம். பள்ளிக்கு நேரமாகிறதே என்று நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன நாட்கள் உண்டு. நான் அப்படிப் போய்க்கொண்டிருந்தவரைக்கும் யாரும் என்னிடம் வாய்திறந்து எதையும் சொல்லவில்லை.

சாப்பாடு என்சிமா. மக்காச்சோள மாவில் கிண்டும் வெள்ளைக் களி. முதலில் கஞ்சியாகக் காய்ச்சி, அது தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, துடுப்பால் அடிப்பிடிக்காமல் கிண்டுவார்கள். தொட்டுக்கொள்ள, வேர்க்கடலை மாவு போட்டு வேகவைத்த பூசணி இலை. இன்றைக்கும் அந்த ருசிக்கு ஏங்குகிறேன்.

பம்ப் பற்றிக் கேட்டீர்கள். அங்கிருந்தது ஆஃப்ரிடெவ் என்ற வகை. ஊர்க்காரர்களே பழுது பார்க்கிற மாதிரி, ஒரே ஸ்பேனரில் கழற்றும்படி செய்தது. நான் இருந்தபோது ஒருமுறை எத்தனை அடித்தாலும் தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர்க் கமிட்டிப் பெண்கள் நாலு பேர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, தேய்ந்துபோன ரப்பர் சீல் ஒன்றை என்னிடம் காட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வளையம். அதை மாற்றத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். புது வளையம் வாங்கி வரத்தான் பத்து நாள் ஆயிற்று. அதுவரை பெண்கள் ஆற்றுக்கு நடந்தார்கள். அதனால், போகிற இடத்தில் புதுக் குழி தோண்டும் முன் பழைய பம்புக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் தொழில் அங்கே நிச்சயம் உதவும்.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன். அங்கே நவம்பர் கடைசியில் மழை பிடித்தால் விதைப்பார்கள். அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். குதிரில் போட்ட மக்காச்சோளம் பல வீடுகளில் டிசம்பரிலேயே தீர்ந்துவிடும். புதுக் கதிர் வரும்வரை பசிதான். தானியம் தீர்ந்தவர்கள் அடுத்தவர் காட்டில் களையெடுக்கக் கூலிக்குப் போவார்கள். அதற்கு 'கான்யு' என்று பெயர். அவர்கள் காட்டிலும் களையெடுக்க வேண்டிய நேரம் அதேதான். இன்றைய மாவுக்காகச் சொந்தக் காட்டைக் களையோடு விட்டுவிட்டுப் போவதால், அடுத்த விளைச்சலும் குறைந்துபோகும். 2015 ஜனவரியில் தெற்கே பெருவெள்ளம், அடுத்த பருவத்தில் வறட்சி. 2016 பிப்ரவரியில் தவிட்டைக் களியாகக் கிண்டிய வீடுகளை நான் பார்த்தேன்.

அந்த மாதம்தான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தொடர்ந்து மூன்று நாள் வகுப்பில் தலைசாய்த்துத் தூங்கினான். எல்லார் முன்னாலும் திட்டி அவனை வெளியே நிற்க வைத்தேன். "மன்னித்துவிடுங்கள் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் சக ஆசிரியை ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாள் ஆகிறது, விடிகாலையில் கூலிக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான் என்றார். மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் கடினமான பாடங்களை எல்லாம் அறுவடைக்குத் தள்ளிவைத்தேன். அங்கே போய் ஒன்றரை வருடம் ஆகியும் எனக்கு இது தெரியாமல் இருந்தது, க. அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

மே மாதம் ஆறு வாரம் மட்டும் இருந்துவிட்டு வந்திருந்தால், தானியம் நிறைந்த குதிர்களையும் கல்யாண ஆட்டத்தையும் பார்த்து 'ஏழைகள்தான், ஆனால் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று எழுதியிருப்பேன். அதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படியே நம்பியிருப்பீர்கள்.

லீவை ஒரு வருடமாக நீட்ட முடியுமா என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அக்டோபரில் போய்ச் சேருங்கள், மழைக்கு முன் மண்வெட்டியால் பார் (விதைக்கும் மண்மேடு) அணைப்பதிலிருந்து பார்க்கலாம். சிச்சேவா மொழியை இங்கிருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். வணக்கம் சொல்கிற வாக்கியங்களை முதலில் படியுங்கள். நான் வைத்திருக்கும் குறிப்பு நோட்டைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா