ஓப்பன்சிவியில் மவுஸை இழுத்துச் செவ்வகம் வரையும்போது பழைய செவ்வகங்கள் அழியாமல் குவிகின்றனவே, என்ன செய்வது?

கேட்டவர் சொல்வது இதுதான்: படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகத்தை வைத்துப் பைத்தானில் ஒரு படத்தைத் திறந்து, மவுஸை அழுத்தி இழுத்தால் செவ்வகம் வர வேண்டும். ஆனால் இழுக்க இழுக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செவ்வகங்கள் அடைந்துகொள்கின்றன. வட்டத்துக்கும் அதே கதி.

உங்கள் நிரல் சொன்னபடிதான் நடந்துகொள்கிறது. மவுஸ் கொஞ்சம் அசைந்தாலும் கால்பேக் (மவுஸில் எது நடந்தாலும் ஓப்பன்சிவி தானாகக் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) ஓடும். ஓடும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ரெக்டாங்கிள் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள். விழுந்த கோடு விழுந்ததுதான். ஓப்பன்சிவிக்குப் படம் என்பது வெறும் எண்களின் அடுக்கு. சிவப்புக் கோடு போட்டால் அந்த இடத்துப் பிக்சல்களின் எண்கள் மாறிவிடும், அடியில் என்ன இருந்தது என்று அதற்கு நினைவே இருக்காது. பவர்பாயின்ட்டில் வரைந்த பெட்டியைப் போல அப்புறம் பிடித்து நகர்த்த முடியாது.

எனவே மூலப் படத்தின் மேல் வரையவே வரையாதீர்கள். செவ்வகங்களை எண்களாக ஒரு லிஸ்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மூலப் படத்துக்கு ஒரு காப்பி எடுங்கள். லிஸ்ட்டில் உள்ளவற்றை அந்தக் காப்பியின் மேல் வரையுங்கள். இப்போது இழுபட்டுக்கொண்டிருக்கும் செவ்வகம் இருந்தால் கடைசியாக அதையும் வரைந்து, படத்தை விண்டோவில் காட்டும் ஐஎம்ஷோவுக்குக் கொடுங்கள். கால்பேக்கில் வரைகிற வேலையே வேண்டாம். இடது பட்டன் அழுத்தப்பட்டதும் தொடக்கப் புள்ளியைக் குறித்துக்கொள்வது, மவுஸ் நகரும்போது முடிவுப் புள்ளியை மாற்றுவது, பட்டனை விட்டதும் இரண்டையும் சேர்த்து லிஸ்ட்டில் போடுவது. அதற்கு இவ்வளவு போதும்.

பலர் எழுதும் விளக்கங்களில் கால்பேக்குக்குள்ளேயே வரைந்துவிடுவார்கள். தடிமனுக்கு மைனஸ் 1 கொடுத்து உள்ளே நிறம் நிரப்பினால் குவியல் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அது சரி என்று தோன்றும். கையைப் பின்னால் இழுத்துச் செவ்வகத்தைச் சுருக்கிப் பாருங்கள், சுருங்கவே சுருங்காது.

காப்பி எடுப்பதால் வேகம் குறையுமே என்று பயப்பட வேண்டாம். 1280-க்கு 720 அளவுள்ள வண்ணப் படம் மூன்று எம்பிக்கும் குறைவு, கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போன் கேமராவில் எடுத்த 4000-க்கு 3000 படம் என்றால் ஒவ்வொரு காப்பியும் 36 எம்பி, அப்போது இழுவை தெரியும். எப்படியும் அவ்வளவு பெரிய படம் திரையில் அடங்காது. காட்டுவதற்கு மட்டும் சிறியதாக்கி, மூலத்தில் எத்தனை பங்காகக் குறைத்தோம் (பாதி என்றால் 0.5) என்பதை வைத்துக்கொண்டு, சேமிக்கும்போது மவுஸ் தந்த எண்களை அந்தப் பங்கால் வகுத்துவிடுங்கள்.

நான் கோத்தகிரிக்காரன். இந்த முறையில் ஒரு சின்னக் கருவி எழுதி வைத்திருக்கிறேன், தேயிலையில் கொப்புள நோய் வந்த இடங்களைப் படத்தில் குறிப்பதற்கு. மழையும் மூடுபனியுமாக இருக்கும் மாதங்களில் இளங்கொழுந்தில் வரும் பூஞ்சண நோய் அது. நாம் பறிக்கிற பாகம் எதுவோ அதையே பிடிக்கும் என்பதுதான் தொல்லை. முதலில் எண்ணெய்ச் சொட்டு பட்டது போல வெளிச்சம் ஊடுருவும் ஒரு புள்ளி. பிறகு இலையின் மேல்பக்கம் வட்டமாகக் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். புடைத்த பிறகு யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். அந்த முதல் புள்ளியைப் படத்தில் பார்ப்பதற்குத்தான் பழகிய கண் வேண்டும்.

அப்படிக் கண் உள்ள ஒரு அக்கா, பல வருஷம் கொழுந்து பறித்தவர், எங்களுக்குக் குறித்துத் தருகிறார். லேப்டாப்பின் டச்பேடில் அழுத்திப் பிடித்தபடி இழுப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. ஜனவரியில் உறைபனி விழும் காலை நேரத்தில் விரல் விறைத்துப்போய் யாருக்குமே ஒத்துவராது என்பது வேறு விஷயம். “தம்பி, பாதியில விட்டுப் போகுது. இங்க ஒரு தடவ, அங்க ஒரு தடவ தொட்டா போதாதா?” என்று கேட்டார். போதும்தான். முதல் கிளிக்கில் ஒரு மூலை, மவுஸ் நகரும்போது செவ்வகம் கூடவே நீள்வது, இரண்டாவது கிளிக்கில் முடிவு. பட்டனை விடும் நிகழ்வை அடியோடு விட்டுவிட்டேன். லிஸ்ட் முறையில் எழுதியிருந்ததால் கால்பேக்கில் சில வரிகள்தான் மாறின, வரையும் பகுதியை நான் தொடவே இல்லை.

கொப்புளம் உருண்டையாக இருப்பதால் செவ்வகத்தைவிட வட்டம் அவருக்குக் கைவந்தது. நடுவில் ஒரு கிளிக், விளிம்பில் ஒரு கிளிக், இரண்டுக்கும் உள்ள தூரம்தான் ஆரம். தூரம் தசமத்தில் வரும். சர்க்கிள் ஃபங்ஷன் முழு எண்ணைத்தான் ஏற்கும், மாற்றாமல் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும். இந்தப் படங்களால் பயிற்சி கொடுக்கும் ஏஐ மாடலுக்குச் செவ்வகம்தான் தேவை என்றால், மையத்திலிருந்து ஆரத்தைக் கழித்தும் கூட்டியும் நான்கு ஓரங்களையும் நிரலே எடுத்துக்கொள்ளும். மனிதர் எளிதாகப் போடுவது ஒன்று, கோப்பில் சேமிப்பது வேறொன்று என்று இருக்கலாம், தப்பே இல்லை.

லிஸ்ட்டாக வைப்பதில் இன்னொரு வசதியை முதலில் நான் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. சின்னப் புள்ளியைச் சுற்றி இரண்டு பிக்சல் தடிமனில் கோடு போட்டால் புள்ளியே மறைந்துவிடுகிறது. அதனால் ஒரு கீயை அழுத்தினால் எல்லாக் குறிகளும் மறைந்து வெறும் இலை தெரியும்படி வைத்தேன்; அந்தச் சுற்றில் லிஸ்ட்டை வரையாமல் விட்டால் போதும். கடைசியாகப் போட்டதை நீக்க ஒரு பாப், அவ்வளவுதான் அன்டூ. வலது கிளிக்கில் அதைக் கட்டியிருக்கிறேன்.

சரி, வழியில் காலைத் தடுக்கும் சில கற்கள். நேம்ட்விண்டோவால் விண்டோவை உண்டாக்கிய பிறகுதான் செட்மவுஸ்கால்பேக்கை அழைக்க வேண்டும், இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கீ அழுத்தலுக்காகக் காத்திருக்கும் வெயிட்கீ ஃபங்ஷன் ஓடினால்தான் மவுஸ் நிகழ்வுகளே கால்பேக்குக்கு வரும். அதற்குச் சுழியம் கொடுத்தால் கீ அழுத்தும்வரை லூப் அங்கேயே நிற்கும், செவ்வகம் நீள்வது திரையில் தெரியாது. 20 மில்லி விநாடி கொடுங்கள். நிறங்கள் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசை, ஆகவே சிவப்பு வேண்டுமென்றால் 255 கடைசியில். கால்பேக் தருவது எக்ஸ், அப்புறம் ஒய். ஆனால் படத்திலிருந்து வெட்டி எடுக்கும்போது ஒய் முதலில். கீழிருந்து மேலாக இழுத்தால் செவ்வகம் ஒழுங்காகத்தான் தெரியும், அதே எண்களை வைத்து வெட்டினால் காலி அணி கிடைக்கும். லிஸ்ட்டில் போடுவதற்கு முன்பே சிறியது, பெரியது என்று வரிசைப்படுத்திவிடுங்கள், படத்தின் ஓரத்தைத் தாண்டிய எண்களையும் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

செவ்வகம் இல்லாமல் தூரிகை போலக் கையால் கிறுக்க வேண்டும் என்றால், மவுஸ் நகரும் இடத்திலெல்லாம் புள்ளி வைக்காதீர்கள். வேகமாக நகர்த்தினால் இடையில் உள்ள எல்லா இடத்துக்கும் நிகழ்வு வராது, விட்டு விட்டுப் புள்ளிகளாக நிற்கும். முந்தைய புள்ளிக்கும் இப்போதைய புள்ளிக்கும் நடுவே கோடு இழுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே இரண்டு தலைவலிகள் உண்டு. விண்டோஸில் ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைத்தால் படத்தைத் திறக்கும் ஐஎம்ரீட் பிழை காட்டி நிற்காமல் ‘நன்’ (None, அதாவது ஒன்றுமில்லை) என்று திருப்பித் தரும், நிரல் வேறெங்கோ போய் உடையும். நம்பை (NumPy) நூலகத்தின் ஃப்ரம்ஃபைலால் கோப்பைப் படித்து ஐஎம்டிகோடுக்குக் கொடுத்தால் திறக்கும். செவ்வகத்தின் மேல் ‘கொப்புளம்’ என்று எழுதலாம் என்று, படத்தில் எழுத்து போடும் புட்டெக்ஸ்டிடம் போனால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். அதில் வழக்கமாக உள்ள ஹெர்ஷி எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. பில்லோ நூலகத்தால் எழுதலாம், ஆனால் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம் (Raqm) சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நான் திரையில் எண்ணை மட்டும் காட்டிவிட்டு, எந்த எண் எதற்கு என்று பக்கத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அக்காவுக்கு அதுவே வசதி.

பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கொலாபில் முயல்கிறீர்கள் என்றால் இந்த மவுஸ் வழி அங்கே நடக்காது, சொந்தக் கணினியில் ஓட்டுங்கள். கணினியிலும் ஹெட்லெஸ் என்ற பெயருள்ள ஓப்பன்சிவி தொகுப்பை நிறுவியிருந்தால் விண்டோவே திறக்காது.

உங்களுக்கு ஒரு படத்தில் ஒரே ஒரு செவ்வகம் போதும் என்றால் மேலே சொன்ன எதுவுமே வேண்டாம். செலக்ட்ஆர்ஓஐ என்று தயாராகவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இழுத்து வரைந்து என்டரோ ஸ்பேஸ்பாரோ தட்டினால் முடிந்தது. அது தருவது இரண்டு மூலைகள் அல்ல, எக்ஸ், ஒய், அகலம், உயரம். சி அழுத்தி ரத்து செய்தால் சுழியங்கள் வரும், வெட்டுவதற்கு முன் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.