வாசகர் கேள்வி பதில்: றொபின் ஹூட்ஸ் பேயில் மேட்டில் தங்குவதா, பள்ளத்தில் தங்குவதா?

கேள்வி: மகன் லீட்ஸில் வேலை செய்கிறார். ஓகஸ்ட்டில் நானும் அவருடைய அப்பாவும் போகிறோம். யோர்க்ஷயர் கடற்கரையில் றொபின் ஹூட்ஸ் பே என்ற ஊரில் மூன்று இரவு தங்க மகன் இடம் தேடுகிறார். எனக்கு முழங்கால் நோவு. எப்படியான இடம் எடுக்கச் சொல்லலாம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வீட்டின் படங்களைப் பார்க்கும் முன்னர், அது மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பழைய மீனவர் குடியிருப்பு ஓர் ஓடைப் பிளவுக்குள் கடலை நோக்கி இறங்குகிறது. மேலே ‘பாங்க் டொப்’ என்னும் சமதரையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பெரிய வீடுகள் நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் தெரு, மூன்றடி போனால் ஓரடி இறங்கும் அளவுக்குச் சரிவு. வெளியூர்க் கார்கள் மேலே உள்ள கார் பார்க்கிலேயே நின்றுவிடும். பஸ்ஸும் மேலேதான் நிற்கும்.

பள்ளத்து வீடுகள் படத்தில் மனதை அள்ளும். ஆனால் தெருவிலிருந்து வாசலுக்குப் படி, உள்ளே ஒடுங்கிய வளைந்த படி, படுக்கை ஒரு மாடி, குளியலறை இன்னொரு மாடி என்றுதான் பல வீடுகள் இருக்கும். நிலைவாசல் உயரம் குறைவு, உயரமானவர் தலையை இடிப்பார். ஆகவே மூன்று கேள்வி: தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி? படுக்கையும் மலசலகூடமும் ஒரே தளத்திலா? பெட்டிகளை எப்படி இறக்குவது? முழங்கால் நோவுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. மேட்டில் தங்கி, நாளுக்கு ஒரு முறை மட்டும் கீழே இறங்குங்கள் என்பதே எங்கள் யோசனை.

ஓகஸ்ட் அங்கே பள்ளி விடுமுறைக் காலம். முழு வீடுகளைப் பெரும்பாலும் வெள்ளி முதல் வெள்ளி, அல்லது சனி முதல் சனி என்று கிழமைக் கணக்கில்தான் கொடுப்பார்கள். மூன்று இரவுக்கு, காலைச் சாப்பாட்டுடன் அறை தரும் ‘பெட் அன்ட் பிரேக்ஃபாஸ்ட்’ வீடுதான் தோது. அங்கேயும் ஓர் இரவுக்கு மட்டும் என்றால் பலர் தயங்குவார்கள். உள்ளே போகப் பிற்பகல் 3 அல்லது 4 மணியாகும். புறப்படும் நாளில் காலை 10 மணிக்கே திறப்பைக் கேட்பார்கள். முழு வீட்டு விளம்பரத்தில் ‘நால்வர் தங்கலாம்’ என்றிருந்தால், அதில் இருவருக்குச் சோபாவை விரித்துப் போடும் கட்டிலா என்றும் விசாரியுங்கள்.

மகனிடம் கார் இல்லையென்றால் லீட்ஸிலிருந்து ரயிலில் யோர்க் வழியாக ஸ்காபரோ, அங்கிருந்து எக்ஸ்93 பஸ். அல்லது லீட்ஸிலிருந்து யோர்க் ஊடாக, பக்கத்து நகரமான விற்பிக்கு ஓடும் 840 பஸ். பாதை அழகு, நேரம் அதிகம். விற்பியிலிருந்து ஊருக்கு அதே எக்ஸ்93தான், இருபது நிமிடம் அளவில் போய்விடலாம்.

கேள்வி: கதைகளில் வரும் கொள்ளைக்காரர் றொபின் ஹூட் உண்மையில் அங்கே வாழ்ந்தவரா?
– மாணவன், அக்கரைப்பற்று

பதில்: அதற்குச் சான்று எதுவும் இல்லை. 1530களில் இங்கிலாந்தைச் சுற்றி எழுதிய ஜோன் லீலண்ட், இருபது வள்ளங்கள் உள்ள சிறு மீனவர் ஊர் என்று இதைக் குறித்தார். பெயர் அப்போதே இருந்தது. எப்படி வந்தது என்பதைப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள்.

ஊரின் உண்மைக் கதை அதைவிடச் சுவையானது. 18ஆம் நூற்றாண்டில் இது கடத்தலுக்குப் பேர்போன இடம். ஜின், புகையிலையோடு தேயிலையும் இரவில் இறங்கியது. தேயிலைக்கு அரசு போட்ட வரி விலையையே விஞ்சியதால் கடத்தல் லாபமாயிற்று. 1784இல் அந்த வரியை 119 வீதத்திலிருந்து 12.5 வீதமாக இறக்கினார்கள். தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. (அது சீனத் தேயிலை. நம் நாட்டில் தோட்டம் போட்டது 1867இல்தான்.) ஊருக்கு அடியால் ஓடும் ஓடைச் சுரங்கமும் ஒட்டியொட்டி நிற்கும் வீடுகளும் கடத்தலுக்கு உதவின. கரையில் இறங்கிய மூட்டை வெளிச்சம் காணாமலே மேட்டுக்குப் போய்விடும் என்று ஊரார் சொல்வதுண்டு.

1881 ஜனவரியில் ‘விசிற்றர்’ என்ற கப்பல் புயலில் உடைந்தபோது, விற்பியின் உயிர்காப்புப் படகைக் கடலால் கொண்டுவர முடியவில்லை. 18 குதிரைகளும் சுமார் 200 ஆட்களும் பனிக்குவியலை வெட்டி வெட்டி ஆறு மைல் தரைவழியே அதை இழுத்து வந்து, அந்தச் சரிவுத் தெருவில் கயிறு பிடித்து இறக்கினார்கள். கப்பலில் வந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். தெருவில் நின்று சரிவைப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும். 1885இல் ரயில் வந்தது, விடுமுறைக்காரர் வந்தார்கள். 1965இல் ரயில் நின்றது. தண்டவாளம் கிடந்த இடம் இப்போது நடைபாதை.

கேள்வி: எங்கள் கரையில் கருங்கல் கொட்டியும் கடல் ஏறுகிறது. அங்கே கட்டிய சுவர் நின்றது எப்படி?
– வாசகர், நிந்தவூர்

பதில்: அங்கேயும் கடல் சும்மா விடவில்லை. 1780 வாக்கில் ஊருக்குள் வரும் பழைய தெருவும் அதன் வீடுகளும் இடிந்து விழுந்தன. சுமார் 12 மீற்றர் உயரமும் 150 மீற்றர் நீளமும் கொண்ட கொங்கிறீற் சுவர் 1975இல்தான் முடிந்தது.

ஆனால் இரண்டு கரைகளும் வேறு சாதி. அங்கே அடியில் பாறை, மேலே பனியாறு விட்டுப்போன களிமண். அலை அடிவாரத்தைத் தின்னும், மழைநீர் களிக்குள் ஊறி மேலே சரிக்கும். பாறையில் கால் ஊன்றிய சுவர் முதலாவதைத் தடுக்கும். இரண்டாவதுக்கு நீர் வடிய வழி செய்ய வேண்டும். உங்களுடையது மணற்கரை. மணல் கரையோரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டத்துக்குக் குறுக்கே எதையாவது கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் வெறுமையாகும். நேர்ச்சுவர் எழுப்பினால் மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலையே வாரிக்கொண்டு போகும். தடைபட்ட மணலை எடுத்து வெறுமையான பக்கத்தில் போடாமல், கல்லை மட்டும் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும்.

கேள்வி: பேரப்பிள்ளைகளோடு கரையால் நடக்கலாமா? குளிக்கலாமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: பாசிக்குடாவை மனதில் வைத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. அங்கே பெரிய பெருக்கு நாட்களில் 5 மீற்றர் வரை போகும். வற்றில் பாறைத் தட்டுகள் தூரத்துக்கு வெளித்திருக்கும். நண்டும் பாசியும் பார்க்கலாம், உதிர்ந்து கிடக்கும் அம்மோனைற் கற்களை (சுருள் ஓட்டுப் பழங்காலக் கடலுயிர் கல்லானவை) பொறுக்கலாம். பெருக்கில் தண்ணீர் மலையடியைத் தொட்டுவிடும், ஒதுங்க இடம் இராது.

வற்று முடிந்து பெருகத் தொடங்கினால் முதல் மணித்தியாலத்தில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். அதை நம்பி நிற்பவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள். மூன்றாம், நான்காம் மணித்தியாலங்களில் மும்மூன்று பங்கு ஏறும். 5 மீற்றர் நாளென்றால் அந்த இரண்டு மணித்தியாலத்தில் மட்டும் இரண்டரை மீற்றர். வற்றிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டு, வற்று முடியும் நேரத்துக்குள் திரும்பத் தொடங்குங்கள்.

விற்பிக்கான வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பாருங்கள். அச்சிட்ட அட்டவணை கிறீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் வருவது பெரும்பாலும் கூட்டியே வரும். அதில் மறுபடி கூட்டினால் வற்று இன்னும் முடியவில்லை என்று எண்ணி ஒரு மணித்தியாலம் பிந்திவிடுவீர்கள். ஆபத்தான பிழை அதுதான். கரையால் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவில் ‘பொகிள் ஹோல்’ இளைஞர் விடுதி இருக்கிறது. முன்பு தண்ணீர் ஆலையாக இருந்த இடம், தனி அறைகளும் உண்டு, குடும்பத்துக்குச் செலவு குறைவு. ஆனால் பெருக்கில் கரைவழி மூடிவிடும். மேலே மலைப்பாதையால்தான் போகவேண்டும். மலையடியில் உட்காரவும் வேண்டாம், மழைக்குப் பிறகு மண் சரியும். குளிப்பதென்றால் ஓகஸ்ட்டிலும் தண்ணீர் 15 பாகை அளவில்தான் இருக்கும். பிள்ளைகளைக் கால் நனைத்ததும் கூப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹலால் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: கிராமத்துக்குள் ஹலால் இறைச்சியை நம்பிப் போகாதீர்கள். மீன் இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது: யோர்க்ஷயரில் பழைய முறைக் கடைகள் பல, மீனையும் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. மாட்டிறைச்சி தொடாத இந்து வாசகர்களுக்கும் இது பொருந்தும். ‘எதில் பொரிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் சங்கடமில்லாமல் சொல்வார்கள். தாவர எண்ணெய் என்றால், அதே சட்டியில் சொசேஜும் பொரிக்கிறார்களா என்று அடுத்துக் கேளுங்கள். தங்கும் வீட்டுக் காலைத் தட்டில் பன்றி இறைச்சியும் இரத்தம் சேர்த்த கறுப்புப் புடிங்கும் வரும். வேண்டாம் என்பதை இடம் பதியும்போதே எழுதிவிடுங்கள். முட்டை, காளான், தக்காளி, அவரை தருவார்கள்.

சமைக்கும் வசதியுள்ள வீடு எடுத்தால் அரிசி, தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், ஹலால் இறைச்சி எல்லாவற்றையும் பெரிய நகரத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள். செத்தல் மிளகாய் தாளிக்கும் முன்னர் அடுப்பு விசிறியைப் போட்டு, யன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். நடையில் இருக்கும் புகை அலாரம் கடுகு வெடிக்கும் புகைக்கே அலறும். அலறினால் துவாயால் அதன் கீழே விசிறினால் போதும். பற்றரியைக் கழற்றி வைக்காதீர்கள். பழைய மரப்படி வீட்டில் இரவு தீப்பிடித்தால் எழுப்ப வேறொன்றும் இல்லை.