பிரைஸ் நார்ட்டனில் எத்தனை விமானங்கள் நிற்கும்?

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் விமானப்படை தன் பெரிய போக்குவரத்து விமானங்களை எல்லாம் பிரைஸ் நார்ட்டன் என்ற ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தது சரியல்ல என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தளத்தை மூடினால் செலவு மிச்சம்தானே? வரைபடத்தில் பார்த்தால் அங்கே இடத்துக்கும் குறைவில்லை. ஒரு தளம் எத்தனை விமானங்களைத் தாங்கும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அப்படி ஒரு மதிப்பீட்டறிக்கை கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செலவு மிச்சமாகும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 2011 ஜூலையில் லைனம் தளத்திலிருந்து ஹெர்குலிஸ் விமானங்கள் பிரைஸ் நார்ட்டனுக்கு வந்தன. இரண்டு கட்டுப்பாட்டுக் கோபுரம், இரண்டு தீயணைப்புப் பிரிவு, இரண்டு எரிபொருள் கிடங்கு என்று வைத்திருக்க வேண்டிய தேவை அதோடு போயிற்று. என் மறுப்பு வரைபடத்தில் தெரியும் இடத்தைப் பற்றியது.

அமெரிக்க விமானப்படையில் இதற்கு 'மாக்' என்று ஒரு எண் உண்டு. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை விமானங்கள் தரையில் இருக்கலாம் என்பது அது. அதையே இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். நிற்க முடிந்தவை எத்தனை? சரக்கு இறக்கி, எரிபொருள் நிரப்பி, திருப்பி அனுப்ப முடிந்தவை எத்தனை? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சி-17 என்ற கனரக போக்குவரத்து விமானங்கள் ஆறு நிற்க இடமிருக்கிறது, ஒவ்வொன்றும் தரையில் இரண்டேகால் மணி நேரம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 64 விமானங்கள் வந்துபோகலாம். ஒன்று கிளம்பிய நொடியே அடுத்தது அந்த இடத்தில் வந்து நிற்காது என்பதால் 85 சதவீதம்தான் எடுத்துக்கொள்வார்கள். 54 ஆகிறது. சரக்கிறக்கும் வண்டிகளும் ஆட்களும் ஒரே சமயத்தில் மூன்று விமானங்களுக்குத்தான் காணும் என்றால் 27. கான்கிரீட்டில் ஒரு அடிகூடக் குறையவில்லை, வேலை பாதியாகிவிட்டது. வரைபடம் இதைச் சொல்லாது.

எடையையும் அது சொல்லாது. ஹெர்குலிஸின் இறக்கை அகலம் சுமார் 40 மீட்டர், ஏ400எம் என்ற இன்னொரு போக்குவரத்து விமானத்துக்கு 42. ஒன்று நின்ற இடத்தில் இன்னொன்றை நிறுத்தலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஹெர்குலிஸின் அதிகபட்ச எடை எழுபது சொச்சம் டன், ஏ400எம்முக்கு 141 டன், சி-17க்கு 265 டன். தரைக்கடியில் எத்தனை அங்குலம் கான்கிரீட், அதற்குக் கீழே என்ன மண் என்று தோண்டிச் சோதிக்காமல் எழுதப்படும் எந்த எண்ணையும் நான் நம்ப மாட்டேன். வெடிபொருள் ஏற்றும் விமானத்துக்கு ஒதுக்குப்புறமாகத் தனி நிறுத்துமிடம் வேண்டும். அது இல்லையென்றால் அந்த ஒரு விமானத்துக்காகச் சுற்றிலும் பல இடங்களைக் காலியாக விட நேரும். ஹேங்கர், குடியிருப்பு, சுற்றியிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளும் இரைச்சல் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

இத்தனையும் சரியாக இருந்தாலும் என் கவலை தீராது. பிரைஸ் நார்ட்டனில் இருப்பது ஒரே ஓடுபாதை, சுமார் 3 கிலோமீட்டர். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்ட நாட்களில் அதன் மேற்பரப்பு இளகியதாகச் செய்தி வந்தது. விமானங்களை வேறு தளங்களுக்குத் திருப்பினார்கள். 2025 ஜூனில் போராட்டக்காரர்கள் தளத்துக்குள் புகுந்து வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் இரண்டு வாயேஜர் விமானங்கள் மீது சிவப்புச் சாயம் அடித்தார்கள். எரிபொருள் நிரப்பும் விமானங்களும் கனரக போக்குவரத்து விமானங்களும் ஒரே வேலிக்குள் இருக்கும்போது, ஒரு வேலி உடைந்தால் எல்லாமே திறந்து கிடக்கிறது. சேமித்த பணத்தைக் கணக்கிடும் அறிக்கை இதையும் கணக்கிட்டாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தேவைப்பட்டால் பழைய தளத்தைத் திறந்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வதுண்டு. லைனம் இன்று ராணுவத்தின் தொழில்நுட்பப் பயிற்சி வளாகம். விமானப் பொறியாளர்களும் சரக்கேற்றும் பிரிவினரும் குடும்பத்தோடு இடம் மாறிய பிறகு ஓடுபாதையை மட்டும் செப்பனிட்டு என்ன பயன்?

அறிக்கை கிடைத்தால் சுருக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே பின்னிணைப்புக்குப் போங்கள். விமானம் தரையில் நிற்கும் நேரம் என்று கொடுத்திருப்பது அந்தத் தளத்திலேயே அளந்ததா, கையேட்டிலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். கணக்கு சாதாரண நாளுக்கா, நெருக்கடி நாளுக்கா என்று பாருங்கள். 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து பிரிட்டன் வெளியேற்றிய 15,000க்கும் மேற்பட்டோரில் பலர் வந்திறங்கியது பிரைஸ் நார்ட்டனில்தான். அப்படியொரு வாரத்தின் நடுவே ஓடுபாதை இரண்டு நாள் மூடப்பட்டால் விமானங்கள் எங்கே போகும், அங்கே எரிபொருளும் ஏணியும் ஆட்களும் உண்டா என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால் அறிக்கையை எழுதியவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்