புரோக்கர் இல்லாமல் வீட்டை விற்க நோட்டீஸ் அடிக்கிறேன், என்ன எழுதலாம்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதுரை திருநகரில் என் பெயரில் 3 சென்ட் மனையில், 2006-ல் கட்டிய வீடு இருக்கிறது. கீழே 1,050 சதுர அடி. 2014-ல் மாடியில் 400 சதுர அடியில் ஓர் அறை போட்டோம், அதற்கு பிளான் அப்ரூவல் வாங்கவில்லை. மகனோடு பெங்களூரு போகப்போகிறேன். புரோக்கருக்கு 2 சதவீதம் கொடுக்க மனசில்லை. நோட்டீஸ் அடித்து பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறேன். 80 லட்சம் எதிர்பார்க்கிறேன். 70 வந்தாலே போதும் என்கிறான் மகன். பக்கத்துத் தெருவில் சென்ட் 18 லட்சத்துக்குப் போனது. நோட்டீஸ் சரியாக இருக்கிறதா?

பதில்: நீங்கள் எழுதியனுப்பியது இதுதான்: ‘அவசர விற்பனை! ராசியான அழகிய தனி வீடு. வாஸ்து முறைப்படி கட்டியது. 3 பெட்ரூம். எய்ம்ஸ் மிக அருகில். வங்கிக் கடன் வசதி உண்டு. விலை நேரில். புரோக்கர்கள் தவிர்க்கவும்.’ அதன் கீழே கதவு எண்ணோடு முழு முகவரி, சர்வே எண், போன் நம்பர்.

முதலில் ‘அவசர’த்தை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வாங்க வருகிறவர் மனசுக்குள் 5 லட்சம் குறைத்துக்கொண்டுதான் கேட்டைத் திறப்பார். உங்களுக்கு உண்மையில் அவசரமும் இல்லை. ‘ராசியான’, ‘அழகிய’ இரண்டும் வேண்டாம், வீடு விற்கிற எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். வாஸ்து பார்க்கிறவர் எப்படியும் தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார், அவருக்கு ‘கிழக்குப் பார்த்தது’ என்ற தகவல் போதும். எய்ம்ஸ் விஷயமும் அப்படித்தான். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு இடம் ஒதுக்கிய தோப்பூர் எங்கே இருக்கிறது என்று திருநகர்க்காரருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்திலேயே ஒன்றை மிகைப்படுத்தி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால், பட்டாவைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நம்பமாட்டார்.

நோட்டீஸ் வீட்டை விற்றுத் தராது. வாங்கக்கூடிய நாலு பேரை போன் பண்ண வைப்பதும், வாங்க முடியாதவர்கள் உங்கள் மதியத் தூக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் அதன் வேலை. அதனால்தான் விலையைப் போடச் சொல்கிறேன். ‘விலை நேரில்’ என்று போட்டால் 45 லட்சம் வைத்திருப்பவரும் கூப்பிடுவார். 75 லட்சம் வைத்திருப்பவரோ, ‘எவ்வளவு சொல்வார்களோ’ என்று விட்டுவிடுவார்.

எந்த விலை? மனை மட்டும் 3 சென்ட், 18 லட்சம் வீதம் 54 லட்சம். கட்டடம் மொத்தம் 1,450 சதுர அடி. இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 32 லட்சம். இருபது வருஷத் தேய்மானத்துக்கு 40 சதவீதம் கழித்தால் 19 லட்சம். ஆக 73 லட்சம். நோட்டீஸில் 75 போடுங்கள். 80 போட்டால் கூட்டம் பாதியாகும். உங்கள் மகன் சொல்லும் 70, வெளியே சொல்லாமல் உங்களோடு மட்டும் இருக்கட்டும். ‘பேசித் தீர்க்கலாம்’ என்று அச்சடிக்கவும் வேண்டாம், எழுதாவிட்டாலும் பேசத்தான் போகிறார்கள். வாங்குகிறவர் 75 லட்சத்தோடு கணக்கை முடிப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 75 லட்சத்துக்கு அது மட்டும் 6.75 லட்சம். அவர் பட்ஜெட் 82 லட்சத்துக்கு ஏறுவதால்தான் அவ்வளவு கறாராகப் பேரம் பேசுவார்.

இப்போது மாடி அறை. உங்கள் நோட்டீஸில் ஆபத்தான இரண்டு வரிகள் ‘3 பெட்ரூம்’, ‘வங்கிக் கடன் வசதி உண்டு’. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கடன் கேட்டால் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் டேப்பை வைத்து அளந்து, அப்ரூவல் ஆன பிளானோடு ஒப்பிடுவார். மாடி அறை அதில் இல்லை. அதை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்கும் மனைக்கும் மட்டும் மதிப்புப் போடலாம், சில வங்கிகள் கேள்வி மேல் கேள்வி கேட்டு இழுக்கலாம். அட்வான்ஸ் வாங்கி இரண்டு மாதம் கழித்து இது வெளியே வந்தால், பேரம் முறிவது மட்டுமல்ல, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வீட்டு வாசலில் நிற்பார்கள். அதனால் கீழ்த்தளத்தை அப்ரூவலோடும், மாடியைத் தனி வரியிலும் போடுங்கள். போனில் கேட்டால் ‘மாடிக்கு அப்ரூவல் கிடையாது’ என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். அச்சடிக்கும் முன் மாநகராட்சி லைசென்ஸ் பெற்ற ஒரு இன்ஜினீயரிடம், அந்த அறையை வரன்முறைப்படுத்த வழி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

சர்வே எண்ணையும் கதவு எண்ணையும் எடுத்துவிடுங்கள். சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் வில்லங்கச் சான்று எடுக்கலாம், அதிலிருந்து பத்திர எண் வரை போய்விடலாம். நல்ல எண்ணத்தோடு கேட்பவருக்கு நீங்களே நேரில் காட்டப் போகிறீர்கள். தனியாக இருக்கும் பெண், கதவு எண்ணோடு ஆயிரம் தாள் விநியோகிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தெருப் பெயர் போதும். போனுக்குத் தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள், வீடு விற்றதும் தூக்கிப் போட்டுவிடலாம். ‘புரோக்கர்கள் தவிர்க்கவும்’ என்று போட்டாலும் முதல் போன் புரோக்கரிடமிருந்துதான் வரும். ‘உரிமையாளரின் நேரடி விற்பனை’ என்பது மரியாதையாகவும் இருக்கும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

திருநகரில் தனி வீடு விற்பனைக்கு. விலை ரூ.75 லட்சம்.
மனை 3 சென்ட் (1,307 சதுர அடி), கிழக்குப் பார்த்தது.
கீழ்த்தளம் 1,050 சதுர அடி, 2 பெட்ரூம், 2006-ல் கட்டியது, பிளான் அப்ரூவல் உண்டு.
மாடியில் 400 சதுர அடியில் தனி அறை.
பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது தயார்.
பார்க்கும் நேரம்: சனி, ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை, போன் செய்துவிட்டு வரவும்.
உரிமையாளரின் நேரடி விற்பனை.

இதோடு ரோட்டின் அகலம், போர் தண்ணீரா குழாய்த் தண்ணீரா, கார் உள்ளே நிற்குமா என்ற மூன்றையும் சேருங்கள். உங்கள் கடிதத்தில் அவை இல்லை, ஆனால் போனில் முதலில் கேட்கப்போவது அவைதான். நேரம் குறிப்பிட்டால் வருகிறவர்கள் ஒருவரையொருவர் வாசலில் பார்ப்பார்கள். போட்டி இருக்கிறது என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்காது. அந்த இரண்டு மணி நேரமும் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

படம் ஒன்றே ஒன்று, பெரிதாக. தபால் தலை அளவில் ஆறு படம் போட்டால் அச்சில் ஆறும் கறுப்பாகத்தான் வரும். கிழக்கு வாசல் என்பதால் காலை வெயிலில் எடுங்கள், கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட்டு. பின்பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் வீட்டின் வரைபடத்தை அறை அளவுகளோடு போடச் சொல்லுங்கள். நம் ஊர் நோட்டீஸ்களில் இதை யாரும் செய்வதில்லை. ஆனால் அந்தத் தாளைத்தான் கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் வைத்து ‘நம்ம கட்டில் இங்கே போடலாம்’ என்று பேசுவார்கள்.

விநியோகத்தைத் திருநகர், திருப்பரங்குன்றம் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், மதுரை முழுக்க வேண்டாம். உங்கள் வீட்டை வாங்கப்போகிறவர் பெரும்பாலும் அந்தப் பகுதியில் வாடகைக்கு இருப்பவர், அல்லது அங்கே குடியிருப்பவரின் சொந்தக்காரர். பேப்பர் ஏஜென்ட்டிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லிவையுங்கள். சுவரிலும் கம்பத்திலும் ஒட்டாதீர்கள், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959-லிருந்தே இங்கே சட்டம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள், ஆனால் வீடு பார்ப்பார்கள். ஆடிக் கடைசி வாரத்தில் நோட்டீஸ் போனால் ஆவணி பிறந்ததும் பேச்சு முடியும்.

இதெல்லாம் செய்து மிச்சமாவது, 75 லட்சத்தில் 2 சதவீதம், அதாவது 1.5 லட்சம். உழைப்புக்குத் தகுந்த பணம்தான். இரண்டு மாதத்தில் ஆள் அமையவில்லை என்றால் புரோக்கரிடம் போவதில் தப்பில்லை.

அட்வான்ஸ் பேசும்போது, ‘பாதி பத்திரத்தில், பாதி கையில்’ என்று யாராவது ஆரம்பித்தால் அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு அபராதம் உங்கள் தலையில். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குகிறவர் 1 சதவீதம், 75,000 ரூபாய், டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை வரியில் கழித்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், மூலதன ஆதாய வரியை, அதாவது விற்ற லாபத்துக்கான வரியை, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம், அப்படி உயர்த்தாமல் 12.5 சதவீதம் என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 2006-ல் மனைக்கும் கட்டடத்துக்கும் ஆன செலவு ரசீதுகளை இப்போதே தேடி எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவையுங்கள்.