பழைய பாட்டெல்லாம் சலிச்சுப் போச்சு, வேற வேற வகை இசையை எப்படித் தேடிப் புடிக்கிறது?

இதே நெலமைல நானும் இருந்தேன், அதான் எழுதுறேன். மயிலாடுதுறை பக்கம் குத்தாலத்துல தையல் கடை வச்சிருக்கேங்க, காலைல ஒம்பதுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கணும், பென்டிரைவ்ல எண்பதுகள் பாட்டு ஒரு எழுநூறு, பத்து வருசமா அதேதான். கடைசில என்னாச்சுன்னா மொத மியூசிக் வந்த ஒடனே முழுப் பாட்டும் மனசுக்குள்ளயே ஓடி முடிஞ்சிரும், காது கேக்குறதே இல்ல. ஆப்புல தேடுனா நான் கேட்ட மாதிரியே இன்னும் பத்து பாட்டைத்தான் கொண்டாந்து நிறுத்தும்.

அப்பதான் நாதஸ்வரக்காரர் ஒருத்தர் வாத்தியத்துக்கு உறை தைக்கக் குடுக்க வந்தாரு. ரெண்டரை அடிக்கு மேல நீளம், டேப் வச்சு அளந்துக்கிட்டு இருக்கேன், "ஏம்மா, நாளெல்லாம் இதையேவா கேக்குற, அலுக்கல?"ன்னாரு. அலுக்குதுங்கய்யா, வேற என்ன கேக்குறதுன்னு தெரியலன்னேன். "சரி, இந்தப் பாட்டுலயெல்லாம் எந்த எடம் வந்தா கை நிக்கும் ஒனக்கு?"ன்னு கேட்டாரு பாருங்க, அந்த மாதிரி யாருமே என்னைய கேட்டதில்ல. யோசிச்சுப் பாத்தா, நடுவுல ஏதோ ஒரு ஊதுற வாத்தியம் அழுகுற மாதிரி நீளமா இழுத்துக்கிட்டு வருமே, அந்த எடம்னேன். "அப்ப பாட்ட விட்டுட்டு அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டுப் போ"ன்னாரு.

மொதல்ல டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்துல வாசிச்ச தோடி ராகம். திருவாவடுதுறை எங்களுக்குப் பக்கத்து ஊரு, அவரு பேரு தெரியாத ஆளு இங்க கெடையாது, ஆனா நான் அதுவரைக்கும் ஒக்காந்து கேட்டதில்ல. 1956லயே காலமாயிட்டாரு, பழைய ரெக்கார்டுதான், கரகரன்னு இருக்கும். மொத நாளு ஒண்ணும் புரியல, மெஷின் சத்தத்துல பாதி காணாமப் போச்சு. மூணாவது நாளு மெஷின நிறுத்திட்டு ஹெம்மிங்கும் கொக்கியும் போட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டேன், ஒரே ஸ்வரத்துல நின்னு நின்னு அவரு மேல ஏறுறப்ப ஊசி அப்படியே கையில நிக்குது. அதுலேர்ந்து புது இசைன்னா கை வேலை நேரத்துலதான், அதுவும் மூணு தடவ கேக்காம வேண்டாம்னு ஒதுக்குறதில்ல. கல்யாண வீட்டுல நாதஸ்வரம் வாசிக்கிறப்ப நாம கத்திப் பேசிக்கிட்டு இருக்கோமே, அத நெனச்சா இப்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

உறை வாங்க வந்தப்ப, வாயில வச்சு ஊதுற சீவாளியக் கழட்டிக் காட்டுனாரு. கொறுக்கைத் தட்டைல செஞ்சது, ரெண்டு நாக்கு ஒட்டுனாப்ல இருக்கும், நடுவுல காத்து போறப்ப ரெண்டும் சேந்து அதிரும், அந்த அழுகுரல் அங்கேர்ந்துதான் வருது. இந்த ரெண்டு நாக்கு வாத்தியம் ஒலகம் பூரா இருக்குன்னாரு. அங்கேர்ந்துதான் எனக்கு வழி தெறந்துச்சு. காசில பிஸ்மில்லா கான் ஷெனாய். வெள்ளைக்காரங்க ஆர்கெஸ்ட்ராவுல ஓபோ, கச்சேரிக்கு முன்னாடி அது புடிக்கிற ஒரு ஸ்வரத்த வச்சுத்தான் மொத்தப் பேரும் சுருதி சேத்துக்குவாங்க, சிம்பொனின்னாலே பயந்துக்கிட்டு இருந்தவ அந்த ஒரு வாத்தியத்த மட்டும் தொரத்திக்கிட்டே உள்ள போயிட்டேன். துருக்கில சூர்னா, கல்யாணத்துக்கு வாசிப்பாங்களாம், கூட அடிக்கிற மேளத்துக்குப் பேரு தாவுல்! கேட்டப்ப ஒடம்பு சிலுத்துச்சு எனக்கு.

இன்னொரு வழி ராகம். பக்கத்து வீட்டுப் பொண்ணு வயலின் கத்துக்குது, சுத்த தன்யாசியோட அஞ்சு ஸ்வரமும் அமெரிக்காவுல ப்ளூஸ்ங்கிற பாட்டு வகைல வர்ற அஞ்சு ஸ்வரமும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு வாசிச்சே காட்டுச்சு. அதுலேர்ந்து ப்ளூஸ், அங்கேர்ந்து ஆப்பிரிக்காவுல மாலி நாட்டு அலி ஃபர்கா தூரே கிட்டார். நைஜர் ஆத்தங்கரையில நியாஃபுங்கேன்னு அவரு ஊரு, அந்தப் பக்கமும் ஆத்துத் தண்ணில நெல்லு வெளையிற பூமிதான், அவரும் விவசாயி, 2004ல அந்த ஊரு மேயராவும் ஆனாரு. பாஷை ஒரு வார்த்த புரியாது, ஆனா அறுப்பு முடிஞ்சு சாயங்காலம் களத்துல ஒக்காந்த மாதிரி இருக்கும், கண்டிப்பா கேளுங்க.

ஹெவி மெட்டல் மூணு தடவ கேட்டும் எனக்கு ஒட்டல, விட்டுட்டேன்.

பழைய பாட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க. போன மாசம் காரைக்கால் எஃப்எம்ல நூறு தடவ கேட்ட சோகப் பாட்டு ஒண்ணு வந்துச்சு, நடுவுல வர்றது ஷெனாய்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, பெடல்லேர்ந்து கால எடுத்துட்டு முடியிற வரைக்கும் கேட்டேன்.

அதனால நீங்களும் மொதல்ல ஒங்களுக்குப் புடிச்ச பாட்டுல எந்த எடத்துல மனசு நிக்குதுன்னு பாருங்க, மேளமா, குரலா, தந்தியா, அந்தப் பேரப் போட்டுத் தேடுங்க. நான் இப்ப அர்மீனியா நாட்டு துதுக்ல இருக்கேன், ஆப்ரிகாட் மரத்துல செய்யிறாங்க, அதுவும் ரெண்டு நாக்குதான், ஆனா சத்தம் தாழ்வா, பக்கத்துல ஒக்காந்து மூச்சு விடுற மாதிரி இருக்கு. ரெண்டு தடவதான் கேட்டிருக்கேன், இன்னும் ஒரு தடவ பாக்கி.