எண்ணெயில் ஃபர்ஃபுரால் குறைந்தால் காகிதம் தேறிவிட்டதா?

கேள்வி: எங்கள் ஆலையில் 27 ஆண்டுகளாக ஓடும் 10 எம்.வி.ஏ. மின்மாற்றியின் எண்ணெயில் 2-ஃபர்ஃபுரால் 1.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1.8 பங்கு) இருந்தது. சென்ற மாதம் ஃபுல்லர்ஸ் எர்த் என்னும் உறிஞ்சு களிமண் வழியாக எண்ணெயைச் சுத்திகரித்த பின் 0.2 பிபிஎம் ஆகிவிட்டது. காகிதக் காப்பு நன்றாக இருப்பதாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. சுருள்களைச் சுற்றியுள்ள காகிதத்தின் செல்லுலோஸ் சங்கிலிகள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் அமிலத்தாலும் அறுபடும்போது உண்டாகி எண்ணெயில் கரையும் சேர்மமே ஃபர்ஃபுரால்; ஃபுல்லர்ஸ் எர்த் அதைத்தான் உறிஞ்சியிருக்கிறது, அறுந்த சங்கிலிகளை ஒட்டவில்லை. சங்கிலி நீளத்தைக் குறிக்கும் டிபி எண் புதுக் காகிதத்தில் ஏறத்தாழ 1000 இருக்கும். 200-க்கு இறங்கிய காகிதம் ஷார்ட் சர்க்யூட் நேரும்போது சுருளில் எழும் விசையைத் தாங்காது. சாதாரணக் கிராஃப்ட் காகிதத்துக்கு, ஃபர்ஃபுரால் அளவிலிருந்து டிபியைக் கணிக்கும் செண்டோங் சமன்பாட்டில் உங்கள் எண்களை இட்டால், 1.8 பிபிஎம்முக்கு டிபி சுமார் 360 என்றும், 0.2 பிபிஎம்முக்குச் சுமார் 630 என்றும் வருகிறது. ஒரே மாதத்தில் காகிதம் இளமை பெறாது என்பதால் 360-ஐயே கணக்கில் வையுங்கள், அதுவும் தோராயமே. சுத்திகரிப்பு வீண் என்று சொல்லவில்லை; அமிலமும் ஈரமும் குறைந்ததால் இனி மூப்பு மெதுவாகும்.

காகிதத்தில் தங்கியுள்ள ஃபர்ஃபுரால் மீண்டும் எண்ணெய்க்குக் கசிந்து சமநிலை அடையச் சில மாதங்களாவது ஆகும். அதன் பின், ஏறத்தாழ அதே சுமையிலும் எண்ணெய் வெப்பநிலையிலும், கீழ் வால்வில் தேங்கிய எண்ணெயைச் சிறிது வெளியேற்றிவிட்டு, பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் மாதிரி எடுங்கள். அந்த மதிப்பே புதிய தொடக்கப் புள்ளி. அங்கிருந்து எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே முக்கியம். வெற்றிடத்தில் வாயு நீக்கமும் செய்திருந்தால், காகிதச் சிதைவை அறிய எண்ணெயில் பார்க்கும் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு விகிதத்தையும் புதிதாகவே தொடங்க வேண்டும்.

பெயர்ப்பலகையோ தயாரிப்பு ஆவணமோ வெப்பம் தாங்க மேம்படுத்திய காகிதம் என்று குறிப்பிட்டால், மேற்கண்ட கணக்கே பொருந்தாது. அதில் ஃபர்ஃபுரால் மிகக் குறைவாகவே உண்டாகும். அங்கே மெத்தனால் அளவு உதவும், ஆனால் அச்சோதனையைச் செய்யும் ஆய்வகங்கள் சிலவே.

புஷிங் (மின்கம்பி தொட்டிக்கு வெளியே வரும் இடத்துக் காப்பு) மாற்றவோ வேறு பழுதுக்கோ தொட்டியைத் திறக்க நேர்ந்தால், லீடு (சுருளிலிருந்து வரும் இணைப்புக் கம்பி) மேலுள்ள காகிதத்தில் சிறு துண்டை வெட்டி டிபி சோதனைக்கு அனுப்புங்கள். லீடு பொதுவாகச் சுருளின் மிகச் சூடான இடத்தைவிடக் குளிர்ந்தே இருப்பதால், உள்ளே டிபி அந்த முடிவைவிடக் குறைவாகவே இருக்கும் என்று கொள்ளுங்கள்.