‘பாத்துப் போட்டுக் குடுக்கிறேன்’ என்றால் எவ்வளவு?

கேள்வி: கோவையில் ஒரு ஃபவுண்டரியில் (இரும்பு வார்ப்பு ஆலை) 19 வருஷமாக குவாலிட்டி மேனேஜராக இருக்கிறேன். சம்பளம் 80,000 ரூபாய். வேலையை விட்டுத் தனியாக ஆலோசகராகலாம் என்று யோசனை. அரசூர் பக்கம் இரண்டு முதலாளிகள், “வந்து ரிஜெக்‌ஷனக் கொறச்சுக் குடுங்க, பாத்துப் போட்டுக் குடுக்கலாமுங்க” என்கிறார்கள் (ரிஜெக்‌ஷன் என்றால் பழுது என்று கழிக்கப்படும் வார்ப்புகள்). ஒரு நாளைக்கு 4,000 கேட்கலாமா? ஒப்பந்தம் எழுதக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

பதில்: சம்பளத்தை 26-ஆல் வகுத்து, மேலே கொஞ்சம் சேர்த்து 4,000 என்று வந்திருப்பீர்கள். நானும் தனியாக வந்தபோது இதே கணக்குப் போட்டு ஒரு வருஷம் கஷ்டப்பட்டேன். பிஎஃப், போனஸ், மருத்துவக் காப்பீடு எல்லாம் இனி உங்கள் பையிலிருந்துதான். வண்டிச் செலவு, லேப்டாப்பும் சேர்த்தால் உங்கள் 9.6 லட்சம் 13 லட்சத்தைத் தொடும். பில் போடக்கூடிய நாட்கள் முதல் வருஷம் 120 கிடைத்தாலே பெரிது. மீதி நாளெல்லாம் ஆள் பார்க்கவும், ரிப்போர்ட் எழுதவும், பணத்துக்கு நடக்கவும் போய்விடும். 13 லட்சத்தை 120-ஆல் வகுத்துப் பாருங்கள், 10,800-ஐத் தாண்டும். 11,000 கேளுங்கள். குறைக்கச் சொன்னால் ரேட்டில் கை வைக்காமல் நாளைக் குறையுங்கள். மாதம் ஆறு நாள் நான்காகட்டும்.

“ரிஜெக்‌ஷன் கொறஞ்சா அதுல பங்கு” என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். உஷார். மணலில் ஈரம் கூடினாலும், மோல்டிங் ஆட்கள் ஊருக்குப் போனாலும், உருக்கும் பழைய இரும்பு (ஸ்க்ராப்) லாட் மாறினாலும் ரிஜெக்‌ஷன் ஏறும். இதில் எதுவும் உங்கள் கையில் இல்லை. பங்கு வேண்டுமென்றால் நாள் கட்டணத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால், கடந்த மூன்று மாத ரிஜெக்‌ஷனை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எண்ணிக்கையிலா, எடையிலா என்பதும் அதில் இருக்கட்டும். 2 கிலோ வால்வு பாடியும் 40 கிலோ பம்ப் கேசிங்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். கஸ்டமர் திருப்பி அனுப்பும் காஸ்டிங் (வார்ப்பு) சேருமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். எத்தனை நாள், என்ன வேலை, பில் கொடுத்து எத்தனை நாளில் பணம், விலகுவதற்கு ஒரு மாத நோட்டீஸ். ஜிஎஸ்டி வந்தால் தனி என்று ஒரு வரி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் தருவார்கள், ரிட்டர்னில் கணக்குக் காட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்துவிடுங்கள், இலவசம். பதிவு இருந்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் தராவிட்டால் அந்த வருஷம் அதை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. “தீபாவளி முடியட்டுமுங்க” என்பவரிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம், அவருடைய ஆடிட்டரே சொல்லிக்கொள்வார்.

தப்பாக நினைப்பார்களோ என்று கேட்டீர்கள். அந்த முதலாளிகள் பர்சேஸ் ஆர்டர் இல்லாமல் ஒரு காஸ்டிங்கையாவது கேட்டுக்கு வெளியே அனுப்புவார்களா?

ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் உங்கள் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரைத் தேடி எடுங்கள். ரகசியம் காப்பது பற்றி ஏதாவது வரி இருக்கலாம். 19 வருஷ கிராஜுவிட்டி எவ்வளவு வரும் என்றும் கேட்டு வையுங்கள். முதல் ஆறு மாதம் வீட்டுச் செலவு அதில்தான் ஓடப்போகிறது.